திருமுக்கூடல் அடுப்புகளும் என் ஆராய்ச்சி விண்ணப்பமும்

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற துறையில் இப்போது உதவிப் பேராசிரியராக இருப்பவள். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் போட்டாளாம். கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கட்டம் சிவப்பாக மாறிக்கொண்டு, மேலே போகவே மாட்டேன் என்கிறதாம். அழாக்குறையாகச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல இதெல்லாம் ஈஸியா இருந்திருக்கும் இல்ல மேடம்?" என்றாள்.

அடிப்பாவி! ஈஸியா? ஸ்டென்சில் காகிதத்தில் டைப் அடித்து, ஒரு எழுத்து தப்பினால் சிவப்பு மருந்து தடவி ஊதி ஊதிக் காயவைத்து, ரோனியோ மெஷினைக் கையால் சுற்றி, விரலெல்லாம் மசியாகிப் பிரதி எடுத்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு துறைத் தலைவர், டீன், பதிவாளர் என்று ஒவ்வொரு மேசையாக அந்தக் கட்டு ஏறி இறங்க வேண்டும். யாராவது ஒருவர் கல்யாணத்துக்கு லீவில் போனால் கடைசித் தேதி போய்விடும். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதுங்களேன் மேடம்" என்றாள். சரி, எழுதுகிறேன். ஆனால் ரோனியோ மெஷினைப் பற்றி இல்லை. ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பற்றி. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மனையியல் பட்டம், அதன் மேல் கேட்டரிங் டிப்ளமா, மதராஸில் ஒரு பெரிய ஓட்டல் சமையலறையில் ஒரே பெண்ணாக நின்று வெங்காயம் உரித்தது. எழுபதுகளின் கடைசியில் பல்கலைக்கழகத்தில் ஓட்டல், சுற்றுலா இரண்டுக்கும் சேர்த்து ஒரு துறை தொடங்கினார்கள். அதில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தேன். மற்ற துறைக்காரர்கள் எங்களை 'சாம்பார் டிபார்ட்மென்ட்' என்பார்கள். வராந்தாவில் பார்த்தால், "இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?" என்று கேட்பார்கள். ஒருமுறை கணக்குத் துறைக்காரர் ஒருவருக்கு, "நேத்து மிச்சமான உங்க மூளை வறுவல்" என்று பதில் சொல்லி, விளக்கம் எழுதிக் கொடுக்கும்படி ஆயிற்று.

என் தலைவர் பேராசிரியர் மாதவன். ரயில்வே சாப்பாட்டுப் பிரிவில் பல வருஷம் அதிகாரியாக இருந்துவிட்டு வந்தவர். அவர் யாருடைய வரைவையும் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, ஓட்டலில் சர்வர் இருக்கிறதையெல்லாம் ஒப்பிப்பாரே, அந்த மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் உரக்கப் படிப்பார். நாம் எழுதியது எவ்வளவு அசட்டுத்தனம் என்று நம் காதுக்கே கேட்டுவிடும். 'மிகவும்' என்ற சொல் வந்தால் நின்றுவிடுவார். "ஏம்மா, மிகவும்னா எவ்வளவு?" என்பார். பதில் இல்லையென்றால் சிவப்புப் பென்சில் அந்தச் சொல் மேல் போகும். 'அழகிய', 'பெருமளவு', 'பழம்பெருமை வாய்ந்த' எல்லாம் அப்படித்தான் போயின. கோபப்பட்டுக் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அந்த 'எவ்வளவு'க்கு மட்டும் துறையே நடுங்கும்.

அவருக்கு ரயில்வே நாளிலிருந்தே ஒரு கேள்வி உண்டு. திருவிழா என்றால் ஸ்பெஷல் வண்டியில் ஜனம் சாரிசாரியாக இறங்குகிறது. ஊரிலோ லாட்ஜ் இல்லை, ஓட்டல் இல்லை. ஆனால் திரும்பி வருகிறவர்களில் ஒருவர்கூடப் பசியோடு வண்டி ஏறுவதில்லை. "யாரோ சோறு போடறாங்கம்மா. யாரு, எப்படி, ஏன்? இதை யாரும் எழுதலை. இதுதான் நம்ம சப்ஜெக்ட்" என்றார். அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த உத்திரமேரூர்ப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். திருமுக்கூடலில் பொங்கலை ஒட்டி ஒரு திருவிழா நடக்கும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த மணலுக்கு ஐந்து ஊர்ப் பெருமாள்கள் எழுந்தருளுவார்கள். சுற்று வட்டாரமே திரண்டு வரும்.

இதில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. என் வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு வாங்குகிற வேலை. வெளியிலிருந்து ஒரு ஆராய்ச்சி நிதி வந்தால் துறைக்கு அங்கீகாரம் கிடைக்கும், என் இடமும் நிரந்தரமாகும். வராவிட்டால் துறையைச் சுருக்கிச் சான்றிதழ் வகுப்பாக ஆக்கிவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா காலமாகியிருந்தார். அம்மாவும் தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

விண்ணப்பம் எழுதும் முன்னால் பேராசிரியர் என்னைத் திருமுக்கூடல் கோயிலுக்கு அழைத்துப்போய் ஒரு சுவரின் முன் நிறுத்தினார். சுவர் முழுக்கச் சோழர் காலத்து எழுத்து. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவர் ஒரு கல்வெட்டு அறிஞரிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததைச் சொன்னார். இந்தக் கோயிலில் மாணவர்கள் தங்கிப் படித்தார்களாம். நோயாளிகளுக்குப் படுக்கை போட்ட ஆஸ்பத்திரி இருந்ததாம். வைத்தியருக்கு இவ்வளவு நெல், மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண்களுக்கு இவ்வளவு, மாணவர்கள் சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாம் அந்தச் சுவரில் இருக்கிறதாம்.

"என்னம்மா இது, சொல்லு பார்ப்போம்" என்றார்.

"கல்வெட்டு சார்."

"சாங்ஷன் ஆர்டர்ம்மா! தங்கறவனுக்கு என்ன தரணும்னு ராஜா போட்ட உத்தரவு. ஒரு இடத்துலயாவது 'மிகவும்'னு இருக்கா பாரு. எல்லாம் எவ்வளவுன்னுதான் இருக்கு."

சாம்பார் டிபார்ட்மென்ட் என்று சிரித்தவர்கள் அத்தனை பேரையும் இழுத்து வந்து அங்கே நிறுத்த வேண்டும்போல் இருந்தது. கல்லைத் தொட்டேன். வெயிலில் சூடாக இருந்தது. ஆயிரம் வருஷத்தை நெருங்கும் ஒரு விடுதியின் சாப்பாட்டுக் கணக்கு என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. எங்கள் படிப்பு நேற்று முளைத்ததில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அடுத்து முன்னோட்டக் கணக்கெடுப்பு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாயின் டீக்கடை மாடியில் அறை எடுத்துக்கொண்டு, திருவிழா முடிந்த வாரத்தில் கிராமம் கிராமமாகப் போனேன். 'திருவிழாவின்போது உங்கள் வீட்டில் வெளியூர்க்காரர் எத்தனை பேர் சாப்பிட்டார்கள்?' இதுதான் முதல் கேள்வி. திருமுக்கூடலில் சரோஜாம்மா என்று ஒரு விவசாயக் குடும்பத்து அம்மா. நாற்பது வயசு இருக்கும். அவரிடம் கேட்டேன்.

"வெளியூரா? யாரும் வர்லம்மா."

"ஒருத்தர்கூடவா?"

"ரெண்டு பேரு வந்திருப்பாங்க. அத்த வுடு. நீ நாஷ்டா துன்னியா? மூஞ்சி வாடிப்போய் கீது."

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். ஒருத்தர், ரெண்டு பேர், யாருமில்லை. நான் அதை அப்படியே எழுதினேன். பேராசிரியர் படித்தார், நெற்றியைச் சுருக்கினார். ஆனால் வந்த தகவலைத் திருத்துவது அவர் வழக்கமில்லை. விண்ணப்பம் போயிற்று. சில மாதத்தில் திரும்பியும் வந்தது. 'விண்ணப்பதாரரின் சொந்தத் தகவல்படியே அங்கு விருந்தோம்பல் எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை' என்று நிதிக்குழுவினர் குறிப்பு எழுதியிருந்தார்கள். பேராசிரியர் ஒரு வரியில் பதில் எழுதினார். 'அடுத்த திருவிழாவுக்கு யாரையாவது அனுப்பிப் பாருங்கள்.' என்ன தைரியமோ! ஆச்சரியம், அவர்களும் சம்மதித்தார்கள்.

பார்வையிட வந்தவர் டாக்டர் சதாசிவம். நிதிக்குழுவில் ஒருவர், வேலூரில் பொருளாதாரப் பேராசிரியர். ஒல்லியான உருவம், சிரிக்காத முகம். கையில் ஒரு அட்டை, அதில் கட்டம் போட்ட தாள். இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, "விண்ணப்பதாரர் ஏற்பாட்டில் நான் தண்ணிகூடக் குடிக்கறதில்லை. விதி. தயிர்சாதம் கொண்டு வந்திருக்கேன்" என்றார். பாய் கடையில் டீ வேண்டுமா என்று கேட்க வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன்.

திருமுக்கூடல் போய்ச் சேர்ந்தபோது ஆற்று மணலே தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் தலை. மாட்டு வண்டி, சைக்கிள், டிராக்டர், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறவர்கள். தென்னேரிப் பக்கம், புள்ளலூர்ப் பக்கம் எல்லாம் காலியாகி இங்கே வந்துவிட்டதோ என்று தோன்றியது. "யாரும் வரலைன்னு எழுதியிருக்கீங்களே" என்றார் சதாசிவம். எனக்கே மலைப்பு. நேராகச் சரோஜாம்மா வீட்டுக்கு நடந்தேன்.

வாசலில் செருப்பு ஒரு மேடாகக் கிடந்தது. உள்ளே கூடம் முழுக்கப் பந்தி. சரோஜாம்மாவின் வீட்டுக்காரர் ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொச்சைக் குழம்பு வாளியோடு ஓடிக்கொண்டிருந்தார்.

"இவங்கள்லாம் யாருங்க?" என்று சதாசிவம் அவரைக் கேட்டார்.

"நம்ம ஜனம்தான் சார்."

"சொந்தமா?"

"யாருக்குத் தெரியும்? சாமி பாக்க வந்தாங்க. பசியா கீறாங்க. அப்பறம் இன்னா சொந்தம், இன்னா அசலு?"

எனக்குச் சுருக்கென்றது. சரோஜாம்மாவைச் சமையலறை ஓரமாகப் பிடித்தேன். "போன வருஷம் ரெண்டு பேர்னு சொன்னீங்களேம்மா! இப்படியா பொய் சொல்லுவீங்க?"

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பொய்யா? சாப்டற வாய எவளாவது எண்ணுவாளா? எண்ணிச் சொன்னா சோத்துல வெளங்குமா? நீ கேட்டுகினே கீற, எதுனா சொல்லணுமேன்னு ரெண்டுன்னு சொன்னேன். அதுக்கே அன்னிக்குப் பூராவும் மனசு கேக்கல."

அந்தப் பக்கத்து வீடுகளில் அது ஒரு பழக்கம். சாப்பிடுகிறவர்களை எண்ணக் கூடாது, போட்ட சோற்றைச் சொல்லிக் காட்டக் கூடாது. எண்ணினால் அடுத்த வருஷம் பானை நிறையாது என்பார்கள். அத்தனை வீடும் கூடிப் பேசிக்கொள்ளாமலே எனக்கு ஒரே பதிலைச் சொல்லியிருந்தது. என் வேலையே போகிற அளவுக்குச் சொல்லியிருந்தது. கோபிக்கக்கூட முடியவில்லை எனக்கு. இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா என்று மலைத்துப் போனேன். எல்லாத் தெருக்காரரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உட்காரவில்லை. அதையும் பின்னால் என் ஆய்வில் எழுதினேன். ஆனால் பசித்து வந்தவரை எந்தத் தெருவும் வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை.

சதாசிவம் கூடத்துத் தூண் ஓரமாக நின்று பேனாவால் தலைகளைச் சுட்டி எண்ண ஆரம்பித்தார். சரோஜாம்மா பார்த்துவிட்டார்.

"இன்னா சார், நின்னுகினே கீறீங்க? எல போட்டாச்சி, குந்துங்க."

"வேண்டாம்மா. நான் சாப்பாடு கொண்டு வந்திருக்கேன்."

"கொண்டாந்தா இன்னா? எங்க வூட்டுச் சோறு ஆவாதா உங்களுக்கு?"

"அப்படி இல்லம்மா. விதின்னு ஒண்ணு இருக்கு…"

"அதெல்லாம் துன்னுட்டுச் சொல்லுங்க" என்றவர், சதாசிவம் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தார். பக்கத்தில் ஒரு பெரியவருக்குப் பல் இல்லை, மொச்சையை மெல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். டாக்டர் சதாசிவத்தின் தயிர்சாதம் மொத்தமும் அந்தப் பெரியவர் இலையில் விழுந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தொலைந்தது விண்ணப்பம்! சதாசிவம் காலி டப்பாவைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "மோர் மொளகா போட்டு நல்லா கீதுப்பா" என்றார். சதாசிவம் அட்டையிலிருந்த தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு தரம் குழம்பு வாங்கினார். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஊர் ஓய்ந்து கிடந்தது. வீடுகளின் பின்பக்கமாக நடந்தேன். ஒவ்வொரு தோட்டத்திலும் மண்ணை வெட்டிப் புதிதாக அடுப்புகள். சில வீட்டில் ஒன்று, சில வீட்டில் வரிசையாக. உள்ளே சாம்பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. நான் நின்று பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில், "இது பெரிய குண்டானுக்கு, அது சின்னதுக்கு" என்று அவர்களாகவே காட்டினார்கள். கடைசி வீடு வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

நிதிக்குழு மதராஸில் கூடியது. விண்ணப்பதாரர் எதிரில் நிற்க வேண்டும். துறைத் தலைவர் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். தலைவராக இருந்தவர் வயதான துணைவேந்தர் ஒருவர். எடுத்த எடுப்பிலேயே சதாசிவத்தின் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"டாக்டர், சாப்பிட்டவர் எண்ணிக்கை என்ற கட்டம் காலியாக இருக்கிறதே?"

"எண்ண ஆரம்பித்தேன், சார். முடிக்க முடியவில்லை."

"ஏன்?"

"சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்."

அறையில் சிரிப்பு. சதாசிவம் மட்டும் சிரிக்கவில்லை. "விதியை மீறினேன். ஒப்புக்கொள்கிறேன். என் தயிர்சாதத்தையும் அங்கே ஒரு பெரியவர் சாப்பிட்டார். முப்பது வருஷமாகத் தேவையையும் உற்பத்தியையும் பாடம் நடத்துகிறேன், சார். அந்தக் கூடத்தில் நடந்ததற்கு என் புத்தகத்தில் பெயர் இல்லை. அங்கே விருந்தோம்பல் நடக்கவில்லை என்று எழுதியது நம்முடைய தப்பு."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "சரி. ஆனால் எண்ணிக்கை இல்லாமல் ஆய்வு இல்லை. எண்ணினால் அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். எப்படி எண்ணுவீர்கள்?"

இதில் தடுமாறினால் எல்லாம் முடிந்தது. பின்னால் பேராசிரியர் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. "ஆளை எண்ண மாட்டேன் சார். அடுப்பை எண்ணுவேன்" என்றேன்.

திருவிழாவுக்கு மறுநாள் பார்த்ததைச் சொன்னேன். திருவிழாவுக்கென்று வெட்டிய அடுப்பு, அதில் ஏறும் குண்டானின் அளவு, அதிலிருந்து சோறு, சோற்றிலிருந்து ஆள். யார் வாயையும் எண்ண வேண்டாம். யாரையும் கூச வைக்க வேண்டாம்.

"அடுப்புக்கு எத்தனை பேர் என்று இப்போது சொல்ல முடியுமா?" சதாசிவம்தான் கேட்டார்.

"தெரியாது சார். அதற்குத்தான் நிதி கேட்கிறேன்."

தலைவர் பேனாவைத் திறந்தார். கேட்டதில் டைப்ரைட்டரை வெட்டினார்கள், ஜீப் வாடகையை வெட்டினார்கள். மற்றபடி கிடைத்தது. வெளியே வந்ததும் வராந்தா என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பேராசிரியர் கைக்குட்டையை நீட்டினார். "நீ ரொம்ப நல்லா பேசினேம்மா" என்றார். "ரொம்பன்னா எவ்வளவு சார்?" என்று விசும்பலுக்கு நடுவே கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

என் இடம் நிரந்தரமானது. அந்த நாற்காலியில்தான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த பொங்கலுக்கு ஆய்வாளராகத் திருமுக்கூடல் போனேன். திருவிழா அன்று காலையில் சரோஜாம்மா வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தால், போன வருஷத்தைவிட ஒரு அடுப்பு கூடுதலாக இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"அந்தத் தயிர் சோத்து ஆபீசர் வந்தாரே. பாவம், தனியா வந்துட்டுப் போனாரு. இந்த வாட்டி வூட்டம்மா, புள்ளைங்கள இட்டுகினு வந்தாருன்னா? அதான் ஒண்ணு வெட்டி வெச்சேன்."

"அவர் வேலை முடிஞ்சு போச்சும்மா. இனிமே எதுக்கு வரப் போறார்?" என்றேன். படித்தவள் இல்லையா, எனக்கு எல்லாம் தெரியும்!

ஐந்து பெருமாளும் மணலில் இறங்கி, ஜனமெல்லாம் கைகூப்பி நின்ற நேரத்தில், சரோஜாம்மா வீட்டு வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். டாக்டர் சதாசிவம். பின்னால் அவர் மனைவி, இரண்டு மகள்கள். யாருக்கும் அவர் கடிதம் போடவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. பெரிய பித்தளை அடுக்கு ஒன்றை வெள்ளைத் துணியால் வாய் கட்டி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். அது முழுக்கத் தயிர்சாதம்.

சரோஜாம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. அடுக்கை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னா சார், இவ்ளோ நேரமா? வாங்க, சோறு ஆறுது" என்றார்.